மணப்பாட்டுக்குப் பாய் விரித்துப் போவதா, லாரியில் ஏற்றிப் போவதா?

ஜனவரி கடைசி சனி, ஞாயிறு எங்கள் பாய்ப்படகு கிளப்பின் கூடுகை. இந்த முறை தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற மணப்பாடு. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், படகுகள் வருகின்றன, ராத்திரி மணலில் உட்கார்ந்து பொரித்த மீனைத் தின்றுகொண்டு போன வருஷத்துப் பொய்களையெல்லாம் மறுபடி ஒருமுறை சொல்வார்கள். பாளையங்கோட்டையில் இருக்கிற எங்கள் நாலு பேருக்கு (வங்கிக்காரன், பல் டாக்டர், மச்சான், நான்) இது அடுத்த தெருவில் நடக்கிற கல்யாணம் மாதிரி. அதுதான் பிரச்சினையும். தூரமாக இருந்தால் பேசாமல் ரயிலேறிப் போய் இறங்கியிருப்போம். பக்கத்தில் என்பதால் "நம்ம கடல்தானல, நம்ம படகுலயே போயிருவோம்" என்று ஒருவன் ஆரம்பித்து, மூன்று வாரமாக டீக்கடையில் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எங்களை மாதிரி வேறு யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் உதவட்டும்.

கையில் இருப்பது இரண்டு படகு. ஒன்று, வங்கிக்காரன் கொச்சியில் பழையதாக வாங்கித் தூத்துக்குடியில் போட்டிருக்கிற 24 அடி ஃபைபர் படகு. அடியில் கனமான கீல் (படகு சாயாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற எடைத் தகடு), உள்ளே நாலு பேர் முட்டி மோதிப் படுக்க இடம், பின்னால் தொங்குகிற 6 குதிரைசக்தி எஞ்சின். இன்னொன்று நாலு பேரும் பணம் போட்டு வாங்கிய ஹோபி 16. பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது, கார் வெளியே வெயிலில் நிற்கிறது. இது கேட்டமரான் வகை, இரண்டு உடல், நடுவே ஒரு துணித் தளம். நம் கட்டுமரம் என்ற சொல்தான் இங்கிலீஷுக்குப் போய், இரட்டைப் படகுக்குப் பெயராகி, இப்படி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்து வீரபாண்டியன்பட்டினத்து மீனவப் பெரியவர் ஒருவர், எங்களுக்குக் கடல் பற்றித் தெரிந்ததில் பாதி அவர் சொன்னதுதான், முதல்முறை அதைப் பார்த்தபோது சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுல எங்க தம்பி கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

ஆக வழி நாலு. 24 அடிப் படகில் தூத்துக்குடியிலிருந்து பாயிலேயே போவது. ஹோபியைப் பிரித்து லாரியில் ஏற்றி மணப்பாட்டில் இறக்குவது. கொச்சிக்குப் போய் ஒரு பெரிய படகை ஓட்டுநரோடு வாடகைக்குப் பிடித்துக் குமரிமுனையைச் சுற்றி வருவது. அப்புறம் பெரியவருடைய வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், அவரோடு போவது. ஐந்தாவதாக என் வீட்டம்மா ஒன்று சொன்னாள்: பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவது. அதை யாரும் காதில் வாங்கவில்லை, ஆனால் செலவுக் கணக்கில் அதுதான் முதலிடம்.

எல்லோருக்கும் ஆசை முதல் வழி மேல்தான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு கடல்வழியில் ஏறக்குறைய 25 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 46 கிலோமீட்டர். எங்கள் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல்மைல் போகும், அதாவது 5 நாட் வேகம். ஐந்து மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணப்பாட்டில் இருக்கலாம், டீக்கடைக் கணக்கு இது. காற்றும் ஒத்துழைக்கிற மாதிரித்தான் தெரியும். ஜனவரியில் இங்கே வடகிழக்குக் காற்று. கடற்கரையில் கேட்டால் வடக்கிலிருந்து வருவதை வாடை என்பார்கள், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்பார்கள், எங்களுக்கு வருவது இரண்டுக்கும் நடுவே. நாங்கள் போகவேண்டியது தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து. ஆகக் காற்று முதுகுக்குப் பின்னால் இடதுபக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வரும். பாய்ப்படகுக்காரன் சாமி கும்பிட்டு வாங்குகிற காற்று அது. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடம், காயல்பட்டினத்து மினாராக்கள், திருச்செந்தூர்க் கோபுரம், குலசை என்கிற குலசேகரன்பட்டினம், கடைசியில் மணல்மேட்டில் நிற்கும் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோவில் என்று நெல்லைச் சீமையின் பழைய கரை முழுக்க வலதுகைப் பக்கம் ஊர்ந்து போகும். (1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தைத் தனியாகப் பிரித்ததிலிருந்து இந்தக் கரை கணக்குப்படி எங்களுடையது இல்லை. கடலில் நின்று பார்த்தால் எந்தக் கோடும் தெரியவில்லை.)

சரி, திரும்பி வருவது? அதைப் பேசவே மாட்டேன் என்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் கூடுகை முடிந்து, திங்கள் காலை வங்கி திறக்கவேண்டும் என்று ஒருவனுக்குக் கவலை வரும்போது, அதே காற்று இப்போது மூக்குக்கு நேரே இருக்கும். பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. 45 பாகை சாய்த்து ஒருபக்கம் ஓடி, திருப்பி மறுபக்கம் ஓடி, கோணல்மாணலாகத்தான் ஏறவேண்டும். 25 மைல் என்பது குறைந்தது 35 மைல் ஆகிவிடும். எதிர் அலை படகின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், அடித்து அடித்து வேகத்தைத் தின்னும், 4 நாட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆக ஒன்பது மணி நேரம், அதுவும் முழு நேரமும் நனைந்துகொண்டு. நீவாடு, அதாவது நீரோட்டம், எதிராக இருந்தால் இன்னும் கூடும். போக ஐந்து, வர ஒன்பது. மூன்று வாரமாக டீக்கடையில் இந்த ஒன்பதைச் சொன்னவன் நான் ஒருவன்தான், அதனால் எனக்குக் கோழை என்று பெயர்.

இன்னொரு சங்கதி ஒதுங்குமிடம். கரையோரம் முழுக்க ஊர்கள் இருக்கின்றன, துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மீனவர் ஊர்களில் அங்கங்கே கடலுக்குள் வளைத்துக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள், அதன் மறைவில் வல்லத்தைக் கரையேற்றிவிடுவார்கள். எங்கள் படகுக்கு அடியில் கீல் இருக்கிறது, நாலரை அடி ஆழம் இல்லாத இடத்தில் அது தட்டிவிடும். புன்னைக்காயல் பொழிமுகத்தில் மணல் எந்த வருஷம் எங்கே கிடக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே அவ்வப்போது பார்த்துத்தான் தெரியும். கொண்டல் வீசும்போது கரை நமக்குக் காற்றடிக்கும் திசையில் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. எஞ்சின் நின்று, பாயும் ஏதோ ஒரு கோளாறில் மாட்டினால், படகு தானாகக் கரையைப் பார்த்துப் போகும். அதனால்தான் மூன்று நாலு மைல் வெளியே தள்ளிப் போகவேண்டும் என்கிறேன், ஆனால் ஃபோன் சிக்னலுக்காகவும் கோபுரத்தைப் படம் எடுப்பதற்காகவும் எல்லோரும் உள்ளே உள்ளே வருவார்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இது முடியாது. அப்போது கூடுகை டிசம்பரில், திருச்செந்தூர்ப் பக்கம். வானிலை மையம் வழக்கமான வாசகத்தைச் சொல்லியிருந்தது: மன்னார் வளைகுடாவில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று, மீனவர்கள் செல்லவேண்டாம். "நாம மீனவர் இல்லையே" என்று மச்சான் ஒரு ஜோக் அடித்தான், சிரித்தோம், கிளம்பினோம். ஏன் கிளம்பினோம்? அன்று சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு விருந்து. வேறு காரணமே கிடையாது. காயல்பட்டினத்துக்கு நேரே வரும்போதே பாயைப் பாதியாகச் சுருக்கியும் படகு கட்டுக்குள் இல்லை. எஞ்சினைப் போட்டோம். பத்து நிமிஷத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் விசிறியில் வலைக்கயிறு பந்து பந்தாகச் சுற்றியிருக்கிறது, பக்கத்தில் தெர்மோகோல் மிதவை ஒன்று, நீலச் சாயம் தீட்டினது, படகின் பின்பக்கத்தில் தொக் தொக்கென்று மோதிக்கொண்டே இருக்கிறது. இருட்டிக்கொண்டு வந்தது. பல் டாக்டரின் காலை நானும் மச்சானும் பிடித்துக்கொள்ள, அவன் தலைகீழாகத் தொங்கி, தேங்காய் கீறுகிற கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்தான். நாற்பது நிமிஷம். வாய்க்குள் கைவிட்டுப் பழகின கை என்பதால் ஆயிற்று, வேறு யாராலும் ஆகியிருக்காது. விருந்துக்குப் போகவில்லை. எஞ்சினும் பாதிப் பாயுமாகத் தூத்துக்குடிக்கே ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் அறுத்த வலை யாருடையது என்று மறுநாள் விசாரித்து, பெரியவர் மூலமாகப் பணம் கொடுத்தோம். வலைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பெரியவர்தான் கேட்டார். அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த ஒப்பீடே எனக்குப் புரிய ஆரம்பித்தது. "சனிக்கிழமன்னு நீங்க முடிவு பண்ணிட்டிய. காத்துக்குச் சொல்லியாச்சா?"

இதுதான் விஷயம். சும்மா கடலில் சுற்றுகிறவன் காற்றைப் பார்த்துக் கிளம்பலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம், அடுத்த வாரம் பார்க்கலாம். கூடுகைக்குப் போகிறவனுக்குத் தேதி இருக்கிறது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, அங்கே நண்பர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். படகில் நாலு பேர் இருந்தால் திரும்பலாம் என்று சொல்ல நாலு பேரும் அடுத்தவனை எதிர்பார்ப்பார்கள். ஆகவே எந்தப் படகு வேகம், எது சொகுசு, எது மலிவு என்று பார்ப்பதைவிட, குறித்த தேதியில் காற்று சரியில்லாமல் போனால் எந்த வழியில் நமக்கு இழப்பு குறைவு என்று பார்த்தால் போதும். மிச்ச மூன்று வழிகளையும் அப்படித்தான் பார்த்தேன்.

கொச்சி யோசனை மச்சானுடையது. கொச்சியில் போல்காட்டியில் படகுத்துறை இருக்கிறது, 36 அடி, 40 அடிப் படகுகள், குளியலறை, அடுப்பு, ஓட்டத் தெரிந்த ஆள். இரவில் முறைபோட்டுக் காவல் இருந்துகொண்டு நட்சத்திரம் பார்த்தபடி வரலாம், நாலு பேரும் வாழ்நாளுக்குச் சொல்லிக்கொண்டு திரியலாம். நானும் ஒருநாள் ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன், மறுக்கவில்லை. காலையில் வரைபடத்தை எடுத்து அளந்தேன். கொச்சியிலிருந்து குமரிமுனை 135 மைலுக்கு மேல், அங்கிருந்து மணப்பாடு இன்னொரு 35. மொத்தம் 170. நிற்காமல் 5 நாட்டில் வந்தாலும் 34 மணி நேரம். மேற்குக் கரையில் ஜனவரி சுகமான மாதம், காலையில் கரைக்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று, அதை வைத்தே இறங்கி வந்துவிடலாம். விழிஞ்ஞம், குளச்சல், முட்டம் என்று வழியில் பெயர் சொல்ல இடங்கள் உண்டு. சிக்கல் கடைசி 35 மைலில். குமரிமுனையிலிருந்து மணப்பாடு எந்தத் திசை என்று பாருங்கள்: வடகிழக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் கிழக்கே கொஞ்சம் சாய்ந்த வடகிழக்கு. காற்று எங்கிருந்து வருகிறது? அங்கிருந்தேதான். நூற்று முப்பத்தைந்து மைல் சொகுசாக வந்துவிட்டு, களைத்துப் போன பிறகு, குமரிக்கடலில் எதிர்காற்றில் ஏறவேண்டும். 35 என்பது 50 ஆகும். சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒதுங்கிக் காத்திருக்கலாம்தான், ஆனால் வாடகைப் படகு ஒவ்வொரு நாளும் மீட்டர் ஓடுகிற ஆட்டோ. கூடங்குளம் பக்கம் அணுமின் நிலையத்துக்குக் கிட்டே போக விடமாட்டார்கள், அதையும் வெளியே சுற்றவேண்டும். தேதி தவறினால் பணமும் போய்ச் சந்திப்பும் போகிற வழி இது. மணப்பாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிற ஒரு கூடுகை என்றாவது நடந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

வல்லம் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம். எங்களுக்குப் பாய் பொழுதுபோக்கு, பெரியவருக்கு அது பிழைப்பாக இருந்தது. அவர் சின்ன வயதில் எஞ்சின் இல்லாத வல்லத்தில் போனவர். ஆஞ்சானை (பாயை ஏற்றும் கயிறு) பிடித்துப் பருமலோடு (பாய் கட்டிய குறுக்குக் கழி) பாயை ஏற்றுவது, தாமானை (பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறு) ஒருவன் கையில் வைத்துக்கொண்டு காற்றுக்கு ஏற்ப விடுவதும் இழுப்பதும் என்று அவர் சொல்லும்போது, நாங்கள் இங்கிலீஷில் பெயர் சொல்லிக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு கயிற்றுக்கும் அவரிடம் ஒரு சொல் இருப்பது தெரிந்தது. இப்போது அவருடையது ஃபைபர் வல்லம், எஞ்சின் வைத்தது. பாய் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறார், எஞ்சின் நின்றால் கரை சேர. அவரோடு போனால் பத்திரத்துக்குக் குறைவில்லை. கரைக்கு ஏற்றலாம், இறக்கலாம், தூண்டில் வளைவு எதிலும் ஒதுங்கலாம். ஆனால் மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் எங்களைப் பயணிகளாக ஏற்றிப்போவது அவருக்குத்தான் வம்பு. ஏதாவது ஒன்று நடந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் மீன்வளத் துறைக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஒருநாள் தொழிலும் போகும். எங்கள் சந்தோஷத்துக்கு அவர் தலையில் சுமை ஏற்றுவது சரியில்லை என்று அதை அங்கேயே விட்டோம். வங்கிக்காரன் மட்டும், "அவர நம்ம படகுல ஏத்திக்கிட்டா?" என்றான். மூன்று வாரத்தில் அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. பின்னால் வருகிறேன்.

இனி லாரி. நேர்மையாகச் சொன்னால் இது ஒரு கவர்ச்சியும் இல்லாத வழி. கடலோடி என்று சொல்லிக்கொள்கிறவன் படகை லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இளையராஜா கேட்டுக்கொண்டு போவது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹோபியின் அகலம் 2.4 மீட்டர், அப்படியே ஏறாது. தளத்தைக் கழற்றி இரண்டு உடலையும் தனித்தனியாக எடுத்தால் 17 அடி ஐச்சர் லாரியில் உட்கார்ந்துவிடும், குட்டியானை போதாது. பாய்மரம்தான் தொல்லை. எட்டு மீட்டர் நீளம், ஒரே துண்டு. டிரைவர் கேபின் மேலே முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நீட்டிக்கொண்டுதான் வரும், நுனியில் சிவப்புத் துணி கட்டவேண்டும், கட்டிடத்துக்குக் கம்பி ஏற்றிப் போகிற மாதிரி. பிரிக்க ஒரு மணி நேரம், மணப்பாட்டில் மறுபடி பூட்ட இரண்டு மணி நேரம், அதில் அரை மணி நேரம் ஒரு சின்ன ஊசியைத் தொலைத்துவிட்டு மணலில் தேடுவது.

பூட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, இது தமாஷ் இல்லை. பாய்மரத்தை நிறுத்துவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு ஆட்கள் செத்த விபத்துகள் வெளிநாட்டில் நடந்து, அதற்கப்புறம்தான் ஹோபி கம்பெனிக்காரர்கள் மேல்பகுதியை மின்சாரம் பாயாத பொருளில் செய்ய ஆரம்பித்தார்கள். எங்களுடையதிலும் மேல்பகுதி அப்படித்தான். இருந்தாலும் கடற்கரை ஊர்களில் கம்பி தாழ்வாகத் தொங்கும், படகைப் பூட்டிய பிறகு தள்ளிக்கொண்டு போகிற பாதையையும் நடந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

பாதை விஷயத்தில் இன்னொன்று. ஜனவரிக் கடைசியில் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து வருகிற கூட்டம் சாலை நெடுக இருக்கும், பச்சை வேட்டி, காவடி, பின்னால் மைக்செட் கட்டிய வண்டி. அந்தக் கூட்டத்துக்குள் எட்டு மீட்டர்க் கம்பை நீட்டிக்கொண்டு லாரி போகக் கூடாது, போகவும் முடியாது. சாத்தான்குளம், உடன்குடி வழியாகச் சுற்றிப் போனால் தொல்லையில்லை. உடன்குடியில் நின்று கருப்பட்டி வாங்கலாம் என்பது மச்சானின் ஓட்டை இந்தப் பக்கம் திருப்பிய காரணம். எங்கள் குழுவில் கொள்கை முடிவுகள் இப்படித்தான் நடக்கும்.

லாரியின் பெரிய லாபம் என்னவென்றால் தேதிக்கும் காற்றுக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. காற்று எப்படி இருந்தாலும் சனிக்கிழமை காலை நாங்கள் மணப்பாட்டில் இருப்போம். காற்று சரியாக இருந்தால் கடலில் இறங்குவோம், குலசை வரை ஒரு ஓட்டம், இன்னும் தைரியம் இருந்தால் பெரியதாழைப் பக்கம் ஆறு மைல் போய் வருவோம். சரியில்லை என்றால் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் படகைக் குறைசொல்வோம். ஹோபிக்குக் கீல் கிடையாது, கரையிலிருந்து தள்ளி அலையைத் தாண்டினால் போதும். முனையின் எந்தப் பக்கம் மறைவாக இருக்கிறதோ அங்கிருந்து இறக்கலாம். கவிழும், அதைச் சொல்லிவிடவேண்டும், நன்றாகவே கவிழும். இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கினால் நிமிர்ந்துவிடும். 24 அடிப் படகில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்காது, இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹோபியில் இரண்டிரண்டு பேராக மாறி மாறி ஓட்டலாம், மற்ற இரண்டு பேர் கரையில் டவலோடு நின்று சிரிக்கலாம். நண்பர்களோடு போகிற பயணத்துக்கு இதுவும் ஒரு கணக்குதான்.

குலசைக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது ஓட ஆரம்பித்தால் ஏவுகிற நாளில் இந்தக் கடலில் படகுக்கு இடம் இருக்காது. காற்று போதாதென்று இன்னொரு தேதிக்காரர்.

தேதியையே மாற்றினால் என்ன என்று கேட்கலாம். கேட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நுழைந்து வருகிற மேற்குக் காற்று, கச்சான், இந்தச் சீமையைத் தாண்டிக் கடலுக்குள் பாயும். எங்களூர்க் காற்றாலைக்கு நல்ல மாதம் எங்கள் படகுக்குக் கெட்ட மாதம். கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, பாவமாக இருக்கும், ஏனென்றால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. இரண்டு மைல் உள்ளே போனதும்தான் முகத்தைக் காட்டும், அப்போது ஏதாவது உடைந்தால் போகிற திசை இலங்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டு கடலுக்கு வந்தது. அந்த மாதிரி வெள்ளத்துக்குப் பிறகு பனந்தடியும் வாழையும் கடலில் பாதி முங்கி மிதக்கும், ராத்திரியில் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று இல்லாதபோதுகூடக் கள்ளக்கடல், எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பின அலை, பொங்குகிறது. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைதான் ஓரளவு கடல் நம்மை மனிதனாக மதிக்கிற காலம். கிளப்காரர்கள் தேதியைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

அப்படியென்றால் லாரிதானா? எனக்கு அதுதான். ஆனால் வங்கிக்காரனுக்கு, 24 அடிப் படகை வாங்கிவிட்டு அதைத் தூத்துக்குடியில் கட்டிப் போட்டுவிட்டு லாரியில் வர மனசு கேட்கமாட்டேன் என்கிறது, அதையும் புரிந்துகொள்ளவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் வீரபாண்டியன்பட்டினம் போனோம். எங்கள் படகில் வழிகாட்டியாக வரமுடியுமா, கூலி உண்டு, என்று கேட்டோம். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார்.

"வாரேன். ஆனா நாள நான் சொல்லுவேன்."

அதோடு முடிவு மாறிவிட்டது. 24 அடிப் படகுக்குச் சனிக்கிழமை என்ற தேதியே கிடையாது. கூடுகைக்கு முந்தின வாரத்தில் பெரியவர் எந்த நாள் ஃபோன் பண்ணுகிறாரோ அன்றைக்கு, வங்கிக்காரனும் நானும் அவரும் மூன்று பேராகக் கிளம்புவோம். வங்கியில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, எந்த மூன்று நாள் என்று மேனேஜருக்கு இன்னும் சொல்லவில்லை. பெரியவர் ஃபோன் பண்ணவில்லை என்றால் படகு தூத்துக்குடியிலேயே கிடக்கும், நாங்களும் லாரியில் ஏறிக்கொள்வோம், அதில் யாருக்கும் மானக்கேடு இல்லை என்று முன்கூட்டியே டீக்கடையில் வைத்து நாலு பேரும் ஒத்துக்கொண்டாயிற்று. வழியில் ஒரு தீவில் தங்கலாம் என்ற பேச்சையும் முடித்தோம். தூத்துக்குடிக்கு வடக்கேயிருக்கிற தீவுகளெல்லாம் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது, போதாததற்கு அவை நேர் எதிர்த்திசையில் இருக்கின்றன.

திரும்பி வருவதற்கும் பெரியவர்தான் வழி சொன்னார். பகலில் ஏறவேண்டாம், விடிவதற்கு முன் மூன்று மணிக்குக் கிளம்பினால் காற்று தணிந்திருக்கும், கரைப்பக்கத்திலிருந்து லேசாக வரும், எஞ்சினும் பாயுமாகச் சேர்த்து ஓட்டினால் வெயில் ஏறும்போது முக்கால்வாசித் தூரம் வந்துவிடலாம். எங்கள் எஞ்சின் மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்குப் பதினாறு, அதில் பாதி இன்னும் கூட, இருபத்தைந்து லிட்டர் கேன் ஒன்று போதும், இன்னொன்று மனசுக்கு. இருட்டில் வலை இருக்குமே என்றேன். "வல எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்லா" என்றார்.

மற்றபடி வழக்கமானவைதான். ஆளுக்கு ஒரு உயிர்காப்பு ஜாக்கெட், கழற்றுவதில்லை. ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். ஆபத்தில் கூப்பிட வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், ஃபோனில் கடலோரக் காவல் படையின் 1554. கிளம்புமுன் தூத்துக்குடியில் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் மறுபடி சொல்வது. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம். பால் சேர்த்த எதுவும் வேண்டாம், அனுபவம். இருட்டுக்கடை வரிசையில் நின்று அல்வா வாங்கி வருவது மச்சான் பொறுப்பு, கூடுகையில் சென்னைக்காரர்கள் முதலில் கேட்பது காற்று எப்படி என்று இல்லை, அல்வா எங்கே என்றுதான். கத்தி ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறோம், ரம்பப் பல் வைத்தது, பின்பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது.

லாரிக்காரரிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. பாய்மர நுனியில் கட்டச் சிவப்புத் துணிதான் பாக்கி. பல் டாக்டர் வீட்டில் பழைய திரைச்சீலை ஒன்று இருக்கிறதாம், அவன் மனைவி ஊருக்குப் போனதும் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.